எல்லைக் கல்லுக்கு இருமருங்கும்

பேரூர்களின் பெருமையைப் பேசுவார் பலர். சிற்றூர்களின் சிறப்பை எண்ணுவார் சிலரே. தஞ்சை என்றதும் பெரிய கோயிலும், மதுரை என்றதும் மீனாட்சியம்மன் திருக்கோயிலும் நம் கண்முன் தோன்றுகின்றன. ஆனால் பாறசாலை, அமரவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்னும் பெயர்களைக் கேட்குங்கால், பேருந்து நின்று செல்லும் இடங்கள் என்ற எண்ணத்திற்கு மேல் நம்மில் பலருக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. நாள்தோறும் இவ்வூர்களின் வழியே சென்று வருகின்றோம். இவற்றின் கடைத்தெருக்களில் அரிசியும் துணியும் வாங்குகின்றோம். ஆயினும் இவ்வூர்கள் தாங்கி நிற்கும் வரலாற்றை நாம் நின்று நோக்கியதில்லை. நம் காலனியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள், தாம் குடியேறி வாழும் மண்ணின் வரலாற்றை அறிந்துகொள்ள இவ்வாண்டு விழா மலர் ஒரு வாய்ப்பாகுக என்னும் கருத்துடன் இக்கட்டுரை வரையப்படுகின்றது.

சிற்றூர்களைப் போற்றும் நாடு

அமெரிக்க நாட்டிற்குச் சென்று வரும் நம்மவர்கள் நியூயார்க்கின் வானளாவிய மாடங்களைப் பற்றியே மிகுதியும் பேசுவர். ஆனால் அந்நாட்டு மக்கள் விடுமுறை நாள்களில் தேடிச் செல்லும் இடங்களுள் பல, சிறிய பழைய ஊர்களே ஆகும். வர்ஜீனியா மாநிலத்து வில்லியம்ஸ்பர்க் என்னும் ஊர் 1699 முதல் 1780 வரை அம்மாநிலத்தின் தலைநகராய் விளங்கிற்று. பின்னர்த் தலைநகர் ரிச்மண்டுக்கு மாறியது. அரசு அகன்றது, வணிகம் அகன்றது, ஊர் உறங்கிற்று. அவ்வுறக்கமே அதனைக் காத்தது எனலாம். பழைய வீடுகளை இடித்துப் புதியன கட்டும் செல்வம் அங்கு இல்லாமையால், அவற்றுட் பல அப்படியே நின்றன. 1926ஆம் ஆண்டில் அவ்வூர்த் தேவாலயத்துப் போதகர் குட்வின் என்பார், செல்வர் இளைய ராக்பெல்லரின் துணை பெற்று அவற்றைச் சீர்ப்படுத்தத் தொடங்கினார். இன்று அவ்வூர் முழுவதுமே ஒரு பள்ளிக்கூடம் போல விளங்குகின்றது. இல்லினாய் மாநிலத்துக் கலீனா என்னும் ஊரும் இத்தகையதே. ஈயச் சுரங்கத்தாலும் ஆற்றுத் துறையாலும் ஒருகாலத்தில் செழித்த அவ்வூர், அவை மங்கியபின் தன் பழைய தெருக்களையே தன் செல்வமாக்கிக் கொண்டது.

இங்கே நாம் கருதத்தக்கது ஒன்று உண்டு. வில்லியம்ஸ்பர்க்கில் ஆளுநர் மாளிகையும் சட்டமன்றமும் மிக அழகாக மீட்கப்பட்டன. ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டில் அவ்வூர் மக்களுள் ஏறத்தாழச் செம்பாதியினர் கறுப்பின மக்கள்; அவருள் மிகப் பெரும்பாலோர் அடிமைகள். அவர்தம் வாழ்வு பல ஆண்டுகள் அங்கே சொல்லப்படாமலே இருந்தது. 1979ஆம் ஆண்டு முதற்கொண்டே அக்குறையை நீக்கும் முயற்சி முறையாகத் தொடங்கிற்று. மாளிகையை மட்டும் காப்பது வரலாற்றின் பாதியைக் காப்பதே என்னும் பாடத்தை அவ்வூர் நமக்குக் கற்பிக்கின்றது. இப்பாடத்தை உளத்திற் கொண்டு நம் எல்லைச் சிற்றூர்களைக் காண்போம்.

கல்விச் சாலை கண்ட மண்

இப்பகுதி பண்டைக்காலத்தில் ஆய் மன்னர்களின் ஆட்சியில் இருந்தது. அவர்களுக்குத் தலைநகராகவும் துறைமுகமாகவும் விளங்கிய விழிஞம், இன்று நெய்யாற்றின்கரை வட்டத்தில் அடங்கியது. அங்கே பாறையைக் குடைந்து அமைத்த சிறு கோயில் ஒன்று உண்டு. அதன் முகப்பில் சிவபெருமானின் திருவுருவங்கள் முற்றுப்பெறாத நிலையில் காணப்படுகின்றன. எட்டாம் நூற்றாண்டினது என்று கருதப்படும் அக்கோயிலின் அருகே, 2025ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் பெருந்துறைமுகம் ஒன்று நாட்டிற்கு அர்ப்பணிக்கப்பட்டது. பழைய துறையும் புதிய துறையும் ஒரே கடற்கரையில் அமைந்திருத்தல் எண்ணி மகிழத்தக்கது.

பாறசாலைக்குத் தெற்கே, எல்லையைக் கடந்து சில கல் தொலைவு சென்றால் முன்சிறை என்னும் ஊரும், அதன் அருகே பார்த்திவபுரமும் உள்ளன. கி.பி. 866ஆம் ஆண்டையொட்டி ஆய் மன்னன் கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்தில் திருமாலுக்கு ஒரு கோயில் எடுத்தான். அதற்கு வேண்டிய நிலம் முன்சிறைச் சபையாருக்கு உரியது. மன்னன் அதனை வாளால் கவரவில்லை. வேறு நிலம் ஈடாகக் கொடுத்துப் பெற்றுக்கொண்டான். கோயிலோடு ஒரு சாலையையும் நிறுவினான். சாலை என்பது இங்கே வழியன்று. மாணாக்கர் உண்டும் உறைந்தும் கற்கும் கல்விக்கூடம் ஆகும். அதில் 95 மாணாக்கர்க்கு இடம் வகுக்கப்பட்டது. வேதக் கிளைகளின்படி 45, 36, 14 என அவ்விடங்கள் பகுக்கப்பட்டன. காந்தளூர்ச் சாலையின் முறையைப் பின்பற்றியே இச்சாலை அமைக்கப்பட்டது. மாணாக்கர் ஒருவரையொருவர் இழித்துப் பேசினால் தண்டம். படைக்கலம் ஏந்தி அவைக்கு வருதல் ஆகாது. இன்னோரன்ன ஒழுங்குகளும் விதிக்கப்பட்டன.

இவையனைத்தையும் கூறும் செப்பேடு தமிழில் எழுதப்பட்டது என்பதை நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும். திருவனந்தபுரத்து அசூர்க் கச்சேரியில் இருந்தமையால் அசூர் ஆபீசுச் செப்பேடு என்று ஆய்வாளர் அதனை வழங்குவர். இராசராச சோழனின் கல்வெட்டுகள் அவன் வெற்றிகளுள் முன்வைத்துக் கூறும் காந்தளூர்ச் சாலையும் இத்தென்கோடியைச் சார்ந்ததே. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னர், படைவலி மட்டுமன்றிக் கல்விவலியும் இம்மண்ணில் சிறந்திருந்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

குழித்துறைக்கு வடகிழக்கே உள்ள சிதறால் மலையும் அக்காலத்ததே. திருச்சாரணத்து மலை என்று பண்டு பெயர்பெற்ற அக்குன்றில் சமண முனிவர் வாழ்ந்தனர். ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில், குணந்தாங்கிக் குரத்தி என்னும் சமணப் பெண் துறவி அங்குள்ள தெய்வத்திற்குப் பொன்னணி வழங்கிய செய்தி வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. துறவு பூண்ட ஒரு பெண்ணின் பெயரைக் கல் இன்றளவும் மறவாமல் காத்து நிற்பது வியத்தற்குரியது. பிற்காலத்தில் அது பகவதி கோயிலாயிற்று. பழைய உருவங்களை எறிந்துவிடாமல் ஏற்றுக்கொண்ட பெருந்தன்மையால் இரு சமயங்களின் சுவடுகளும் அங்கே ஒருங்கே நிலவுகின்றன.

பலா மரமும் பாறைக் கல்லும்

நெய்யாற்றின்கரைக் கண்ணன் கோயிலுக்குச் செல்வோர், அதன் வளாகத்தில் காக்கப்பட்டு வரும் பலா மரத்தின் முதிய அடிமரத்தைக் காண்பர். அம்மச்சிப் பிலாவு என்பது அதன் பெயர். பிற்காலத்தில் 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்ட வர்மர், இளமையில் எட்டு வீட்டுப் பிள்ளைமாரிடமிருந்து தப்பும் பொருட்டு அம்மரத்தின் பொந்தில் ஒளிந்திருந்தார் என்பது வழிவழி வரும் செய்தி. வழிகாட்டிய சிறுவன் கண்ணனே என்று நம்பி, அரசரான பின்னர் அங்கே கோயில் எழுப்பினார் என்பர். செவிவழிச் செய்தியைச் செப்பேட்டோடு ஒக்க வைத்தல் வரலாற்று முறையன்று. எனினும், 1741ஆம் ஆண்டில் குளச்சலில் ஒல்லாந்தரை வென்ற ஒரு மன்னரின் நினைவை, ஊர் மக்கள் ஒரு மரத்தின் வாயிலாகப் போற்றி வருவதும் வரலாற்றின் ஒரு கூறே அன்றோ?

அரசரின் மரத்தைக் கண்டவர், அதே நெய்யாற்றின் கரையில் அமைந்த அருவிப்புறத்தையும் காணாமல் திரும்புதல் ஆகாது. 1888ஆம் ஆண்டு சிவராத்திரியன்று நாராயண குரு ஆற்றிலிருந்து எடுத்த கல்லொன்றைச் சிவலிங்கமாக நிலைநாட்டினார். கோயிலுக்குள் நுழையவும் உரிமையற்றோர் எனத் தள்ளி வைக்கப்பட்ட மக்களுக்கு, தெய்வத்தைத் தாமே நிறுவும் துணிவை அச்செயல் அளித்தது. அங்கே தோன்றிய சிறு குழுவே வளர்ந்து, 1903இல் ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன சங்கமாக மலர்ந்தது. நாராயண குரு தமிழிலும் பதிகங்கள் பாடியவர். திருக்குறளின் ஒரு பகுதியை மலையாளத்தில் தந்தவர். நாகர்கோவிலுக்கு அருகில் உள்ள மருத்துவாழ் மலையில் தவம் இயற்றியவர். இரு மொழியும் அவருக்கு இரு கண்களாய் இருந்தன.

நெய்யாற்றின்கரையில் 1878இல் பிறந்த இராமகிருஷ்ண பிள்ளை, சுதேசாபிமானி என்னும் இதழின் ஆசிரியராய் அமர்ந்து, திவான் ஆட்சியின் குறைகளை அஞ்சாது எழுதினார். 1910 செப்டம்பர் 26ஆம் நாள் அவர் அச்சகம் பறிக்கப்பட்டது. அவர் திருவிதாங்கூரினின்றும் நாடு கடத்தப்பட்டுத் திருநெல்வேலிச் சீமைக்கு அனுப்பப்பட்டார். பேனாவுக்கு அஞ்சிய அரசு மறைந்தது. பேனா பிடித்தவர் பெயர் நின்றது. இவ்வூரில் தோன்றிய காந்தியடிகளின் தொண்டர் கோ. இராமச்சந்திரன், தமிழ்நாட்டுப் பெருமாட்டி டாக்டர் சௌந்தரத்தை மணந்தார். இருவரும் 1947இல் திண்டுக்கல்லுக்கு அருகே காந்திகிராமத்தைத் தோற்றுவித்தனர். எல்லைக்கு அப்பாலிருந்து வந்த ஒருவர் தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்குச் செய்த தொண்டினை எண்ணுங்கால், கொடுத்தலும் கொள்ளுதலும் இருபுறத்தும் நிகழ்ந்தமை விளங்கும்.

தறியும் இசையும்

தமிழ்க் குடியேற்றம் இப்பகுதிக்குப் புதியதன்று. 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராம வர்மரின் பெயரால் பாலராமபுரம் அமைந்தது. அங்கே நெசவுத் தொழிலை வளர்க்கும் பொருட்டுத் தென்தமிழ் நாட்டிலிருந்து சாலியர்கள் அழைத்து வரப்பட்டுத் தெருக்களில் குடியமர்த்தப்பட்டனர். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அத்தெருக்களின் வீடுகளில் தமிழ் ஒலி முற்றும் மறைந்துவிடவில்லை. விடியற்காலத்தில் தெருவின் நீளத்திற்குப் பாவை விரித்துக் கட்டிக் கஞ்சி தோய்த்துத் தூரிகையால் நீவி உலர்த்துவர். குழித்தறியில் அமர்ந்து கையால் நாடா எறிந்து நெய்வர். அவ்வாறு நெய்த கரையும் சரிகையும் துணியின் இருபுறத்தும் ஒன்றுபோலவே தோன்றும். ஓணத் திருநாளில் கேரளப் பெண்டிர் விரும்பி உடுக்கும் ஆடையை நெய்யும் கைகளுள் தமிழ்க் கைகளும் உண்டு என்பதை எத்துணைப் பேர் அறிவர்?

பாலராமபுரம் துணிகளுக்குப் புவிசார் குறியீடு என்னும் சட்டக் காப்பு கிடைத்துள்ளது. ஆயினும் விசைத்தறித் துணி மலிவாகக் கிடைக்கையில், கைத்தறியின் உழைப்புக்கு ஏற்ற கூலி கிட்டுவதில்லை. தந்தையின் தறியில் மைந்தன் அமரத் தயங்குகின்றான். கோயில் இடிந்தால் கல்லைக் கொண்டு மீண்டும் எடுக்கலாம். கைத்திறன் ஒரு தலைமுறை அறுந்தால் அதனை எவ்வாறு எடுப்பது?

இசையிலும் இவ்வூர்கள் பின்தங்கியவை அல்ல. 1924இல் பாறசாலையில் தமிழ்க் குடும்பம் ஒன்றில் பிறந்த பொன்னம்மாள், திருவனந்தபுரத்து இசைக் கழகத்தில் முதல் மாணவியாய்ச் சேர்ந்து, பின்னர் ஆசிரியையாய் உயர்ந்தார். நெய்யாற்றின்கரை வாசுதேவன் முதலிய புகழ்மிக்க பாடகர்கள் அவரிடம் பயின்றவர்களே. பெண்கள் பாடுதல் வழக்கமில்லாதிருந்த நவராத்திரி மண்டபத்தில், 2006ஆம் ஆண்டு முதன்முதலாகப் பாடிய பெண்மணி அவரே. அப்போது அவருக்கு அகவை எண்பதுக்கு மேல். 2021இல் அவர் மறைந்தார். பாறசாலை என்னும் ஊர்ப்பெயர் அவர் பெயரோடு இணைந்து நாடெங்கும் ஒலித்தது.

கோடு பிரித்ததும் பிரிக்காததும்

இன்று களியக்காவிளையில் நிற்கும் எல்லை 1956 நவம்பர் முதல் நாள் தோன்றியதாகும். அதற்கு முன்னர்த் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை ஆகியவை அனைத்தும் ஒரே அரசின் வட்டங்களாய் இருந்தன. மார்ஷல் நேசமணி முதலியோர் தலைமையில் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு நடத்திய கிளர்ச்சியில், 1954 ஆகஸ்டு 11ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து உயிர்கள் பலியாயின. ஈராண்டு கழித்து முதல் நான்கு வட்டங்களும் தமிழ்நாட்டில் குமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. தமக்கை ஒரு மாநிலத்திலும் தங்கை மறு மாநிலத்திலும் ஆயினர். ஒரே குடும்பத்தின் இரு மக்கள் இரு வேறு பாடநூல்களைப் படித்தனர்.

தண்ணீரும் இக்கோட்டிற்குத் தப்பவில்லை. அகத்தியர் மலையில் பிறந்து பூவாற்றில் கடல் சேரும் நெய்யாற்றின் நீர், இடதுகரைக் கால்வாய் வழியே விளவங்கோட்டு வயல்களுக்கும் பாய்ந்து வந்தது. 2004ஆம் ஆண்டில் அது நின்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. தமிழ் முனிவரின் மலையில் ஊறிய நீருக்கும் மாநிலம் கேட்கும் நிலை வந்தது.

ஆனால் கோடு பிரிக்காதனவும் உள. பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் நிற்கின்றது. அதனைக் காத்து வருவது கேரள அரசின் தொல்பொருள் துறை. ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன்னர், அவ்வரண்மனையினின்று கலைமகளும், வேளிமலைக் குமாரகோயிலினின்று முருகனும், சுசீந்திரத்தினின்று முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்திற்கு எழுந்தருளுகின்றனர். அக்கலைமகள் திருவுருவம் கம்பர் வழிபட்டதென்றும், அவர் அதனைச் சேர மன்னரிடம் ஒப்புவித்தாரென்றும் மரபு கூறும். முதல் இரவு குழித்துறையிலும், மறு இரவு நெய்யாற்றின்கரைக் கண்ணன் கோயிலிலும் தங்குவர். களியக்காவிளையில் ஒரு மாநிலத்தார் வழியனுப்ப, மற்றொரு மாநிலத்தார் வரவேற்பர். இருபுறத்துக் காவலரும் அணிவகுத்து மரியாதை செய்வர். வழிநெடுகிலும் வீட்டு வாயில்களில் விளக்கேற்றி நிற்கும் மக்களிடம் அவர்தம் மொழி யாதென்று எவரும் கேட்பதில்லை. உலகின் எப்பகுதியினின்று வரும் பயணிக்கும் காட்டத்தக்க காட்சி இதனினும் உண்டோ?

நாம் செய்ய வேண்டுவது

இச்சிற்றூர்களை நாடி வரும் மக்கள் இன்றும் உளர். செங்கல் என்னும் ஊரில் அண்மைக்காலத்தில் எழுந்த, 111 அடி உயரமுள்ள சிவலிங்க வடிவக் கட்டடத்தைக் காணப் பெருங்கூட்டம் வருகின்றது. உயரத்தைக் கண்டு வியப்பது மனித இயல்பு. அதனைக் குறை கூற வேண்டுவதில்லை. ஆனால் அவ்வாறு வருவோர்க்கு அருவிப்புறத்தின் சிறு கல்லையும், பாலராமபுரத்தின் தறியையும், பார்த்திவபுரத்தின் சாலையையும் எடுத்துக்காட்டுவார் வேண்டும். ஊரைக் காண வருவோரை ஈர்ப்பது கட்டடம் மட்டுமன்று. அதன் கதையைச் சொல்லத் தெரிந்த ஊராரே ஆவர். வில்லியம்ஸ்பர்க்கும் கலீனாவும் கண்ட உண்மை இதுவே.

ஒன்றை மட்டும் தெளிவாக உரைத்தல் கடன். பழைய செப்பேடு தமிழில் உள்ளது என்று கூறுவது, இம்மண் எமக்கே உரியது என்று வழக்காடுதற்கு அன்று. அவ்வழக்கால் உயிர்கள் மாண்டதை 1954 கண்டது. அதேபோல, இங்குத் தமிழுக்கு யாதொரு தொடர்புமில்லை என்று கூறுவோர்க்கு நாம் தலைகுனிந்து நிற்கவும் வேண்டுவதில்லை. வந்தேறிகள் என்ற சொல்லைப் பள்ளியில் கேட்டு வாடும் பிள்ளைக்கு, சினமூட்டும் மறுமொழியைக் கற்பிப்பதினும், பார்த்திவபுரத்துச் செப்பேட்டையும் பாலராமபுரத்துத் தறியையும் காட்டுவதே நலம். உரிமை கொண்டாடுதல் வேறு. உறவு கொண்டாடுதல் வேறு. நமக்கு வேண்டுவது பின்னது.

நம் பிள்ளைகளுள் பலர் வீட்டில் தமிழ் பேசினும் தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்க இடர்ப்படுகின்றனர். எழுத்து அறியாத பிள்ளைக்குக் கல்வெட்டு வெறுங்கல்லே. ஆகவே சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பை வலுப்படுத்துதல் முதற்கடமை. ஆண்டிற்கொரு முறை குடும்பங்களாகச் சேர்ந்து ஒருநாள் உலா செல்லுதல் அடுத்தது. காலையில் பாலராமபுரத்துத் தெருவில் பாவு உலர்த்துவதைக் கண்டு, அருவிப்புறமும் நெய்யாற்றின்கரையும் வணங்கி, எல்லை கடந்து பார்த்திவபுரமும் சிதறாலும் கண்டு மாலையில் மீளலாம். ஓணத்திற்கும் பொங்கலுக்கும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கைத்தறி ஆடையேனும் வாங்குதல் மூன்றாவது. எல்லை பிரிந்த காலத்தைக் கண்ட முதியோர் நம் வீடுகளில் மிகச் சிலரே எஞ்சியுள்ளனர். அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதி வைத்தல் நான்காவது. காலத்தால் முந்திச் செய்ய வேண்டுவதும் அதுவே.

கருநந்தடக்கன் நிறுவிய சாலையின் கட்டடம் இன்று இல்லை. அங்குக் கற்ற மாணாக்கர் எவர் பெயரும் நமக்குத் தெரியாது. எழுதி வைத்த செப்பேடு ஒன்றே அச்சாலையை நமக்குக் காட்டுகின்றது. எழுதி வைக்கப்படாத சாலைகள் எத்தனையோ மறைந்தன. நம் குடும்பங்களின் கதையும் அவற்றோடு மறையாதிருக்க வேண்டுமெனின், எழுதுகோலை எடுக்க வேண்டியவர் நாமே.

வாழ்க தமிழ்! வாழ்க இரு மாநில உறவு!